உடும்பு சாட்சியாக

கிட்வே நகரத்துச் செம்புச் சுரங்கத்தில் மேஸ்திரியாக வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் முவீம்பா அவர்களுக்கு, கஃபுவே ஆற்றுச் சமவெளியிலிருந்து ஹமலாம்போ பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் தங்கை, மாடுகள், வெள்ளம் எல்லோரும் நலமாக இருக்கிறோம். வெள்ளம் மட்டும் இந்த வருடம் கொஞ்சம் கூடுதல் நலம். கோழிக்கூண்டு வரை வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது. அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மீன் லாரிக்காரரிடம் நீங்கள் சொல்லியனுப்பிய சேதி வந்து சேர்ந்தது. அவர் அதை உங்கள் குரலிலேயே, உங்கள் கோபத்தோடேயே, கடைத்தெருவில் எல்லோர் முன்னாலும் ஒப்பித்தார். அதாவது, நம் மாப்பிள்ளை சிலாலா தன் மாமியாரை முகத்துக்கு முகம் பார்த்தான், வாய் திறந்து பேசினான், அதுவும் போதாதென்று தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தான், இப்படி ஒரு மரியாதை கெட்டவனிடம் என் மருமகள் வாழ வேண்டாம், வழி காய்ந்ததும் வந்து லுயாண்டோவையும் பச்சைக்குழந்தையையும் கிட்வேக்கு அழைத்துப் போகிறேன் என்பது சேதி. மச்சான், பெண்ணைப் பெற்றவன் நான் என்றாலும் பெண் தாய்வழியில் உங்கள் குலம். தாய்மாமன் ஒரு வார்த்தை சொன்னால் அப்பன் தொண்டை கனைத்துவிட்டு நகர வேண்டியதுதான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் நான் எழுதுவதைப் படித்துவிடுங்கள்.

முதலில், உங்களுக்கு இந்தக் கதையைக் கொண்டுவந்த மீன்காரி மாம்போ யார்? கழுதைப்புலிக் குலத்துக்காரி. உங்கள் யானைக் குலத்தைக் கேலி செய்யும் உரிமை அவளுக்குப் பிறக்கும்போதே உண்டு, நாம் கோபித்துக்கொள்ளவும் கூடாது. உங்கள் தாய்மாமன் சாவுக்கு வந்து பாடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “உழவுக்குப் பயந்து படுத்துக்கிட்டான் பாரு இந்தச் சோம்பேறி, எழுப்புங்கடா” என்று சொன்னவள் இவள்தானே. நாம் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோமே. அப்படிப்பட்டவள் வாயிலிருந்து யானைக் குலத்துப் பெண்ணைப் பற்றி வரும் எந்தச் சொல்லையும் எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் சாட்சியாக எடுக்காது. சுரங்கத்துக்குள்ளேயே இருந்து இருந்து இந்த வழக்கமெல்லாம் உங்களுக்கு மறந்துபோயிற்றோ என்னவோ.

இனி நடந்தது. லுயாண்டோவுக்கு ஏரிக்கு அந்தப் பக்கத்து மேட்டில், புருஷன் வீட்டில், சுகப்பிரசவம். தலைப்பிள்ளை. சேதி கேட்ட நிமிடமே உங்கள் தங்கை புளித்த மபிசிப் பாலைப் பெரிய சுரைக்குடுவையில் ஊற்றிக் கட்டிவிட்டாள். வழியோ தண்ணீருக்குள். அழைத்துப்போக மாப்பிள்ளையே மரம் குடைந்த ஓடத்தோடு வந்து, வீட்டுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மரியாதையில் அவரைக் குறை சொல்ல முடியாது, மச்சான். நம் வழக்கப்படி, கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமியார் முகத்தை அவர் கண்டதில்லை. போன வருடம் ஒற்றையடிப் பாதையில் இவள் எதிரே வர, ஒதுங்க இடமில்லாமல் முள்புதருக்குள் குதித்தார், பிறகு லுயாண்டோ ஒரு பொழுது முழுக்க முள் எடுத்தாள். உங்கள் தங்கை மட்டும் குறைவா? அவர் இருமும் சத்தம் கேட்டால் உலக்கையும் கையுமாக மாட்டுத் தொழுவத்துக்குள் ஓடிவிடுவாள். மாப்பிள்ளை ஆடு கொடுத்து இந்த மறைவை முடித்து வைக்கும் நாள் தாய்மாமன் முன்னிலையில்தான் வரவேண்டும் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இருப்பதோ ஒரே ஓடம். அதில் இரண்டு பேரும் போக வேண்டும். இதற்கு வழி கண்டுபிடித்தவன் நான். மாப்பிள்ளை ஓடத்தின் மூக்கில் நின்று முன்னால் பார்த்துக் கழி ஊன்றுவது. உங்கள் தங்கை கடைசியில் உட்கார்ந்து பின்னால் பார்த்துக்கொண்டே வருவது. நடுவில் நான் இரண்டு மீன் ஈட்டிகளை நட்டுவைத்துப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கிடையே அவளுடைய பெரிய சித்தெங்கே துணியைச் சுவர் மாதிரி விரித்துக் கட்டுவது. இதைவிட மரியாதையாக எந்த மாமியாராவது இந்தச் சமவெளியைக் கடந்திருந்தால் நீங்கள் எனக்குச் சொல்லலாம்.

புறப்பட்டோம். மச்சான், உங்களுக்கு இந்த வர்ணனையெல்லாம் பிடிக்காது என்று தெரியும், ஆனாலும் அன்று காலை இந்தச் சமவெளி இருந்த இருப்பைச் சொல்லாமல் போனால் கடிதம் பொய்யாகிவிடும். வருடக்கணக்காக லோச்சின்வார் விலங்குப் பூங்கா வாசலில் கம்பியைத் தூக்கி இறக்கியவன் நான். வெளிநாட்டுக்காரர்கள் கார் காராக வந்து பார்த்துவிட்டுப் போனதை நான் ஓசியில், ஒரு நாளும் சலிக்காமல் பார்த்தவன். அப்படிப்பட்ட எனக்கே அன்று மூச்சு நின்றது. போன மாதம் மாடு மேய்ந்த இடத்தில் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர், தண்ணீர் முழுக்க அல்லி, அல்லிக்கு நடுவே நத்தைகுத்தி நாரைகள் வேலைக்கு வந்த ஆட்கள் மாதிரி வரிசையாகக் குனிந்து நிற்கின்றன. மேலே கழுகு கத்துகிறது, கீழே சீழ்க்கை வாத்துக்கூட்டம் அதற்குப் பதில் சொல்கிறது. தாடைக்குக் கீழே வெள்ளைத் தொங்கட்டான் ஆடும் பெருங்கொக்கு ஒரு ஜோடி, எங்களைப் பார்த்துவிட்டு, பறக்கலாமா வேண்டாமா என்று தங்களுக்குள் பேசிவிட்டு, இவர்களுக்காகப் பறப்பானேன் என்று நின்றுகொண்டன. இந்தக் கர்வம் வேறு எந்தப் பறவைக்கும் வராது. நான் இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். திரைக்கு முன்னால் இருந்து மாப்பிள்ளை மட்டும் “ஆமா மாமா, ஆமா மாமா” என்றார். என் பேச்சை இந்த ஊரில் காது கொடுத்துக் கேட்கிற ஒரே மனிதர் அவர்.

அப்போதுதான் காற்று எழுந்தது. சித்தெங்கே துணி வயிறு உப்பிக்கொண்டது. ஓடம் கழியின் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டுத் துணியின் பேச்சைக் கேட்க ஆரம்பித்து, பக்கவாட்டில், கழிக்கு எட்டாத ஆழத்தைப் பார்த்து, நீர்யானைகள் குடியிருக்கும் ஏரிப் பக்கமாக விரைந்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் மாமியார் தெரிந்துவிடுவாள்.

“மாமா, பின்னாடி என்ன நடக்குது? நான் இங்கிட்டு ஊன்றேன், அது அங்கிட்டுப் போகுது.”

“ஒண்ணுமில்ல மாப்ள, துணி லேசா ஊதிக்கிட்டிருக்கு.”

“ஏங்க, அந்தத் துணிய இறக்குங்க” என்றாள் உங்கள் தங்கை.

“இறக்கினா அவரு தெரிவாரே.”

“தெரியட்டும்னு சொல்லல. நான் தலையில முக்காடு போட்டுக்கிறேன், நீங்க இறக்குங்க. நீர்யானை வாய்க்குள்ள போயி மரியாதையா உக்காந்துக்கிறதா?”

நான் இறக்கத்தான் போனேன், மச்சான். முடிச்சில் கை வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து லெச்வே மான்கள் தண்ணீரைக் கடந்தன. பத்து இருபது அல்ல, கரைக்கும் வானத்துக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லாத அளவுக்கு. வயிறு முட்டும் தண்ணீரில் மற்ற மான்கள் தடுமாறும், இவை அதில்தான் ஓடவே கற்றுக்கொண்டவை. ஒவ்வொன்றும் எழும்பி விழும்போது ஒரு வெள்ளைப் பூச்செண்டு சிதறுகிறது, அந்தச் சிதறலுக்குள் கிடாக்களின் கொம்புகள் மட்டும் வளைந்து வளைந்து போகின்றன, சத்தமோ மழை நடந்து வருகிற மாதிரி. எழுந்து நின்றேன். யாராக இருந்தாலும் எழுந்து நின்றிருப்பார்கள், நீங்களாக இருந்தாலும், முழங்கால் வலியோடு. அந்த நேரத்தில் ஓடம் தானாகவே கவிழ்ந்தது. இதில் என்னைச் சம்பந்தப்படுத்த எதுவும் இல்லை.

ஆழம் கழுத்தளவுதான். பக்கத்தில் கரையான் புற்று மேடு ஒன்று தண்ணீருக்கு மேல் தெரிந்தது, சமையல் குடிசை அகலம்கூட இருக்காது. உங்கள் தங்கை குடுவையை விடாமல் அதன் ஒரு பக்கம் ஏறினாள். மாப்பிள்ளை சுற்றி நீந்திப்போய் மறுபக்கம் ஏறி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் நிலைமையை மேலிருந்து கண்காணிக்க வசதியாக, பேச்சு கேட்கிற தூரத்தில் இருந்த முள்மரத்தில் ஏறிக்கொண்டேன். ஓடம் காற்றோடு போய்விட்டது. மேட்டின் உச்சியில், இருவருக்கும் நடுவில், வெள்ளத்துக்குப் பயந்து முன்பே வந்து குடியேறிய ஒரு பெரிய உடும்பு படுத்திருந்தது. இனி அங்கே நடந்த பேச்சு முழுவதும் அந்த உடும்பிடம்தான் நடந்தது. இதை நான் எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன்.

“ஏ உடும்பே” என்று உங்கள் தங்கைதான் ஆரம்பித்தாள், “அந்தப் பக்கத்துல இருக்கிற பிள்ளைக்கு அடி கிடி பட்டிருக்கான்னு கேளு.”

“உடும்பு, முட்டியில லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்னு அம்மாகிட்ட சொல்லு. அம்மாவுக்குக் குளிருதான்னு கேளு.”

“குளிராம என்ன. எம்புருஷன் கொக்கு பாத்த லட்சணத்துல எலும்பு வரைக்கும் ஊறிப்போச்சுன்னு சொல்லு.”

“கொக்கு இல்ல, மான்” என்றேன் நான், மரத்திலிருந்து.

“உடும்பே, மரத்துல இருக்கிற கொரங்க வாய மூடச் சொல்லு.”

உடும்பு எதுவும் சொல்லவில்லை. நாக்கை மட்டும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடவை நீட்டியது, நல்ல தூதுவன் மாதிரி. பிறகு உங்கள் தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “பொறந்த பிள்ளை யாரு ஜாடைன்னு கேட்டுச் சொல்லேன் உடும்பே.”

“மூக்கு அப்பிடியே பாட்டி மூக்குன்னு லுயாண்டோ சொல்றா. எனக்கு எப்பிடித் தெரியும்? நான் பாத்ததில்லையே. அதையும் அம்மாகிட்ட சொல்லிடு” என்றார் மாப்பிள்ளை. இதைக் கேட்டபோது மரத்தில் எனக்கு ஏனோ கண் கலங்கியது. முள் குத்தியிருக்கும்.

பொழுது சாயத் தொடங்கியதும் ஏரியிலிருந்து ஒரு நீர்யானைத் தாய், குட்டியோடு, மேட்டைப் பார்த்து வந்தது. அதற்கும் மேயப் போக அதுதான் வழியாம். என்ன ஒரு உடம்பு, மச்சான், என்ன ஒரு நிதானம், தண்ணீருக்கு மேலே காதும் கண்ணும் மட்டும் வருகிறது, மீதி எல்லாம் நம் கற்பனைக்கு விட்டுவிடுகிறது. நான் மேலேயிருந்து தைரியமான சில யோசனைகளை உரக்கச் சொன்னேன். நல்லவேளையாகக் கடந்துபோன லெச்வே கூட்டம் திரும்பி அதே வழியில் வந்தது, அவை எழுப்பிய அமளியில் நீர்யானை குட்டியைக் கூட்டிக்கொண்டு விலகிவிட்டது. மாப்பிள்ளை முன்னால் பார்த்தபடியே தண்ணீரில் இறங்கினார். உங்கள் தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவர் சட்டை நுனியைக் கன்றுக்குட்டி மாதிரி பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். நானும் மரத்திலிருந்து இறங்கி அவர்களுக்குக் காவலாகக் கடைசியில் நடந்தேன். மேற்கே வானம் மொத்தமும் தண்ணீரில் இறங்கியிருந்தது, நாங்கள் அதற்குள் நடந்துதான் கரை சேர்ந்தோம்.

தோளில் தூக்கினார் என்கிறாளே மாம்போ, அதற்கும் பதில் இருக்கிறது. மாப்பிள்ளை தோளில் இருந்தது மபிசிக் குடுவை. நனையாமல் இருக்க உங்கள் தங்கையின் சித்தெங்கேயை அதில் சுற்றியிருந்தோம். தூரத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்தி வெளிச்சத்தில், குடுவை உங்கள் தங்கையாகத் தெரிந்திருக்கிறது. இருவரின் உடல்வாகையும் நினைத்துப் பார்த்தால் அவளை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. இந்த வரியை உங்கள் தங்கையிடம் சொல்ல வேண்டாம்.

ஆக, பார்க்கவில்லை, பேசவில்லை, தொடவில்லை. மரியாதை ஒரு துளியும் நனையவில்லை. மச்சான், கடைசியாக ஒன்று. லுயாண்டோ சிறு பிள்ளையாக வாசல்கம்பியில் ஏறி உட்கார்ந்து, மான் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குச் சொன்னவள். அவளையும் அந்தப் பொடியனையும் நீங்கள் கிட்வேக்குக் கொண்டுபோய்விட்டால், அடுத்த வெள்ளத்தை நான் யாரோடு உட்கார்ந்து பார்ப்பேன்? அங்கே குழந்தை எதைப் பார்த்து வளரும்? புகைக்கூண்டையா? மாப்பிள்ளை கண்கலங்காமல் இருக்கிறார், ஆனால் மூன்று வேளையும் சாப்பிடாமல் இருக்கிறார். உங்கள் நாக்கில் ஒரு நல்ல சொல் வரட்டும்.

உங்கள் வீட்டில் சோளம் குறையாமல், சுரங்கத்தில் விளக்கு அணையாமல், முழங்கால் மடங்கி நிமிர்ந்து, பேரன் பேத்திகளோடு நீடூழி இருக்க நம் முன்னோர்கள் காவல் நிற்கட்டும்.

தங்கள் அன்பிற்கும் அதட்டலுக்கும் என்றும் கட்டுப்பட்ட
ஹமலாம்போ

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுறேன். உன் மச்சினர் இதை என் கையில குடுத்து, மீன் லாரியில சேர்த்துடுன்னு சொல்லிட்டு கொக்கு பாக்கப் போயிட்டாரு. ஒட்டாம குடுத்தா படிக்க மாட்டேனா? முழுக்கப் படிச்சேன். குடுவை வரியையும் படிச்சேன், அதை அவரு வந்ததும் பாத்துக்கிறேன்.

மான் கூட்டமெல்லாம் திரும்பி வரல அண்ணா. நீர்யானை மேட்டுமேலயே முன்னங்கால வச்சிருச்சு. வாயத் தொறந்துச்சு பாரு, உன் மச்சினர் அதையும் ஆஹான்னு ரசிச்சிருப்பாரு, எனக்கு உள்ள இருந்த பல்லுதான் தெரிஞ்சுது. உடும்பு தண்ணிக்குள்ள பாய்ஞ்சிருச்சு, அதுக்கப்புறம் நடுவுல யாரைவச்சுப் பேசுறது? சிலாலா திரும்பினான். நேரா என்னப் பாத்தான். “அம்மா, கையக் குடுங்க” அப்படின்னான். குடுத்தேன். என்னத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கிட்டான். நான் தோள்ல இருந்தபடியே மபிசிக் குடுவைய எடுத்து நீர்யானை வாய்க்குள்ள எறிஞ்சேன். அது ருசி பாத்துக்கிட்டிருந்த நேரத்துலதான் நாங்க தப்பிச்சோம். குடுவை அங்க போயிருச்சு, அப்ப தோள்ல இருந்தது எதுன்னு நீயே கணக்குப் போட்டுக்க. மாம்போ சொன்னது அத்தனையும் நிசம். அவ ஒண்ண மட்டும் விட்டுட்டா: என்னக் கரையில இறக்கிவச்சிட்டு அவன் திரும்பவும் போனான். மரத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இறங்க மாட்டேன்னு அழுத உன் மச்சினரையும் அதே தோள்லதான் தூக்கிட்டு வந்தான். வழி நெடுக, அந்தா கொக்கு, இந்தா வாத்துன்னு இவரு காட்டிக்கிட்டே வந்தாரு. அவனும் ஆமா மாமா, ஆமா மாமான்னு வந்தான்.

நேத்து அவன் ஆடு கொண்டாந்து குடுத்துட்டான். நான் வாங்கிக்கிட்டேன். உனக்காகக் காத்திருக்கல, கோவிச்சுக்காத. இனிமே என்னால தொழுவத்துக்குள்ள ஓட முடியாது, எனக்கும் முழங்கால் இருக்கு. வழி காஞ்சதும் நீ வா. கூட்டிட்டுப் போக இல்ல, பாக்க வா. பிள்ளைக்கு மூக்கு என்னோடதுதான், லுயாண்டோ சொன்னது சரி. நெத்தி அவனோடது. மரியாதையா மறைஞ்சுக்கிட்டே இருந்திருந்தா, அந்த நெத்தி யாரோடதுன்னு சாகிற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது அண்ணா.